குழந்தைத் தோட்டம் கண்ட புரோபெல்

செருமானிய நாட்டில், துரிஞ்சியக் காட்டுப் பகுதியிலுள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில், 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் பிரடெரிக் புரோபெல் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயகுரு, ஊர்ப்பணியில் மூழ்கியவர். குழந்தைக்கு ஓராண்டு நிரம்புமுன் தாய் இறந்தாள். மாற்றாந்தாய் தனக்கென ஒரு மகன் பிறந்ததும் இவரைப் புறக்கணித்தாள். தனித்து விடப்பட்ட சிறுவனுக்குத் தோட்டத்துச் செடிகொடிகளே தோழராயின. பத்தாம் வயதில் தாய்மாமன் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அன்பு இன்னதென்பதை அவன் அங்கேதான் அறிந்தான்.

பின்னர் வனத்துறைத் தொழில் பழகினார். யேனாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். கடனை அடைக்க இயலாது ஒன்பது வாரம் சிறையிலும் இருந்தார். 1805-இல் பிராங்க்பர்ட் நகரில் ஆசிரியரானபோதுதான் தமக்குரிய தொழிலைக் கண்டார். கல்விப் பெரியார் பெஸ்டலாசியிடம் ஈராண்டு தங்கிப் பயின்றதும் அதன் பின்னரே.

1814 முதல் ஈராண்டு பெர்லின் நகரின் கனிமக் காட்சிசாலையில் பணிபுரிந்தார். கனிமப் படிகங்களை அங்கு ஆராய்ந்த அவர், ஒரே ஒழுங்குடைய சிறு கூறுகள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்து கனசதுரமாகவும் பட்டகமாகவும் வளர்வதாகக் கண்டு வியந்தார். கல்லிற்கே இவ்வொழுங்கு உண்டெனில் குழந்தையின் உள்ளத்திற்கு இல்லாதிருக்குமோ என்னும் எண்ணம் அவரை விடவில்லை. இறந்த தமையனாரின் மக்களுக்குக் கல்வி புகட்டும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. காட்சிசாலைப் பதவியைத் துறந்து, 1816-இல் உடன்பிறந்தார் மக்கள் ஐவரைக் கொண்டு ஒரு பள்ளி தொடங்கினார். தாமும் தாயின்றி வளர்ந்தவரல்லவா!

1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் இளஞ்சிறார்க்கென ஒரு நிலையம் கண்டார். 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைத் தோட்டம், எனப் பெயரிட்டார். பந்து, கனசதுரம், உருளை முதலியன அங்குப் பாடப் பொருள்களாயின. தாள் மடித்தலும் ஒரு பாடம். சதுரத் தாள் ஒன்றை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம்; நான்கு மூலைகளையும் நடுவிற்குக் கொணர்ந்தால் மற்றொரு சிறு சதுரம். பிழையான மடிப்பைக் குழந்தையின் கண்ணே கண்டுகொள்ளும். பிரம்பிற்கு அங்கு வேலை இல்லை.

ஒரே வகையாக மடித்த பல தாள்களை ஒன்றில் ஒன்று செருகி, பசையின்றிப் பெரிய உருவம் சமைக்கும் கலையும் உண்டு. புரோபெல் பெயரால் வழங்கும் தாள் விண்மீன் அவ்வகையினது. நான்கு காகித நாடாக்களை இரண்டாக மடித்துப் பின்னித் தொடங்குவது. சப்பானியர் முறையில் ஆறு சதுரத் தாள்களால் ஒரு கனசதுரம் அமைப்பர். இதனைப் பழகப் புகும் மாணவர் முதலில் ஒரு கூற்றையே பன்முறை மடித்துக் கை பழகுதல் வேண்டும். தாள்கள் அனைத்தும் ஓரளவினவாய் இருத்தலும், ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தித் தேய்த்தலும் இன்றியமையாதன. ஒரு கூறு சிறிது கோணினாலும் இறுதிக் கூறு உரிய இடத்தில் பொருந்தாது.

புரோபெலின் முதுமை இனிதாக அமையவில்லை. 1851-இல் பிரஷ்ய அரசு அவர்தம் பள்ளிகளுக்குத் தடை விதித்தது. அரசியல் கருத்துகள் கொண்ட உறவினர் ஒருவரின் நூலை இவருடையதென அதிகாரிகள் மயங்கினர். புரோபெல் உண்மையை எடுத்துரைத்தும் பயனில்லை. தடை நீங்காமலே 1852 சூன் 21-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். கனசதுரமும் உருளையும் பந்தும் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த கல்லே அவர் கல்லறையில் நிற்கிறது. 1860-இல் தடை நீக்கப்பட்டது.

அவர் குழந்தைகளிடம் கொடுத்த தாள் நம் நாட்டிற்கும் வந்தது. குழந்தைத் தோட்டத்தின் தாள் மடிப்புப் பாடத்தினால் தூண்டப்பெற்ற சுந்தரராவ் என்பார், தாள் மடிப்பால் வடிவக் கணிதம் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை 1893-இல் சென்னையில் வெளியிட்டார். அது 1901-இல் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரிலும் அச்சேறியது. ஒழுங்கற்ற ஒரு தாளினின்று சதுரம் ஒன்றை மடித்தெடுப்பதே அதன் முதற்பாடம்.