ஒன்றரை டொலரில் ஒரு பள்ளிக்கூடம்
மேரி மக்லியொட் பெத்தூன் அம்மையார் (1875 – 1955)

எமது கல்லூரியின் அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றி இம்மலரில் பலரும் எழுதியிருக்கின்றார்கள். மலர்க்குழுவினர் எம்மிடம் ஒப்படைத்த பணி வேறு. பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலையைத் தொடங்கி வளர்த்த பிறநாட்டுப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு கேட்டிருந்தனர். அமெரிக்கக் கறுப்பின மக்களுள் தோன்றிய மேரி மக்லியொட் பெத்தூன் அம்மையாரைத் தெரிவு செய்தோம். மருத்துவத் தொழிலில் இருக்கும் எமக்கு அதற்குத் தனிக்காரணம் ஒன்று உண்டு. அது பின்னால் வரும்.

தென் கரோலைனா மாநிலத்தில் மேய்ஸ்வில் என்னும் சிற்றூரில் 1875 ஆம் ஆண்டு யூலை 10 ஆம் திகதி அவர் பிறந்தார். சாமுவேல், பற்சி தம்பதியரின் 17 பிள்ளைகளுள் 15 ஆவது பிள்ளை. அடிமை முறை ஒழிந்து பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. தாயும் தந்தையும் மூத்த பிள்ளைகள் பலரும் அடிமைகளாக இருந்தவர்கள். குடும்பம் முழுவதும் பருத்தி பிடுங்கியது. தாய் வெள்ளைக்காரர் வீடுகளுக்கு உடுப்புத் தோய்த்துக் கொடுப்பார். அப்படி ஒருநாள் தாயுடன் போன இடத்தில் சிறுமி மேரி ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அந்த வீட்டுப் பிள்ளை, உனக்கு வாசிக்கத் தெரியாது, வைத்துவிடு என்று தடுத்ததாம். தமக்கும் அந்தப் பிள்ளைக்கும் இருந்த வேறுபாடு அந்தப் புத்தகம்தான் என்று அன்று தோன்றியதாக அம்மையார் பின்னாளில் பல மேடைகளில் சொல்லி வந்தார்.

அவ்வூரில் கறுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலை இருக்கவில்லை. எமா வில்சன் என்ற கறுப்பின ஆசிரியை மிஷன் பாடசாலை ஒன்றைத் தொடங்கியபோது, வயல் வேலையிலிருந்து ஒரு பிள்ளையை மட்டுமே விடக்கூடிய நிலையில் இருந்த பெற்றோர் மேரியை அனுப்பினர். நாளும் மைல்கணக்கில் நடை. படித்ததை இரவில் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தார். பருத்தி நிறுக்கும் இடத்தில் தந்தை ஏமாறாதபடி கணக்குப் பார்க்கவும் அப்படிப்பு உதவியது.

அடுத்து நடந்ததைப் பழைய மாணவிகளாகிய நாம் ஒருமுறைக்கு இருமுறை வாசிக்க வேண்டும். தொலைவில், டென்வர் நகரில், மேரி கிறிஸ்மன் என்றொரு பெண் தையல் வேலை செய்து வாழ்ந்தார். செல்வந்தர் அல்லர். கறுப்புப் பிள்ளை ஒன்றின் மேற்படிப்புக்கென்று தமது உழைப்பில் ஒரு பங்கை ஒதுக்கி அனுப்பினார். வில்சன் ஆசிரியை மேரியைத் தெரிவு செய்தார். வட கரோலைனாவில் இருந்த ஸ்கோஷியா பெண்கள் விடுதிப் பாடசாலைக்கு மேரி புறப்பட்ட நாளில், ஊரார் வேலையை விட்டுவிட்டுப் புகையிரத நிலையத்துக்கு வந்து வழியனுப்பினர். வெள்ளை ஆசிரியைகளும் கறுப்பு ஆசிரியைகளும் ஒன்றாகப் பணிசெய்வதை அவர் முதன்முதலாகக் கண்டது அங்கேதான்.

ஒரு பிள்ளை போயிற்று. நிலையத்தில் நின்று கையசைத்த மற்றப் பிள்ளைகள் பருத்தி வயலுக்குத் திரும்பினார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறி எமது கல்லூரிக்குள் வந்த எம்மில் பலருக்கு அந்த நிலையமும் தெரியும், அங்கு விட்டு வந்த வகுப்புத் தோழியரின் முகங்களும் தெரியும். பெத்தூன் அம்மையாரின் பிற்கால வேலை முழுவதும் அங்கு நின்ற பிள்ளைகளை நோக்கியதாகவே எமக்குத் தோன்றுகிறது.

சிக்காகோவில் மூடி வேதாகமக் கல்லூரியில் பயின்று ஆபிரிக்காவுக்கு மிஷனரியாகப் போக விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். தென்மாநிலங்களில் ஆசிரியையானார். ஜோர்ஜியாவில் லூசி லேனி அம்மையார் நடத்திய பாடசாலையில் பணியாற்றியபோது, தன் இனத்துப் பெண்ணொருத்தி பாடசாலை நடத்த முடியும் என்பதை நேரில் பார்த்தார். 1898 இல் அல்பேட்டஸ் பெத்தூனை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். கணவர் 1907 இல் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார்.

புளோரிடாவில் புகையிரதப் பாதை வேலைக்காகக் கறுப்பினத் தொழிலாளர் பலர் குடிவந்திருந்தனர். அவர்களின் பிள்ளைகள் கல்வியின்றித் திரிவதை அறிந்து அம்மையார் டேற்றோனா நகருக்குச் சென்றார். கையில் ஒன்றரை டொலர். மாதம் 11 டொலர் வாடகைக்கு ஒரு சிறு வீடு. 1904 ஒக்ரோபர் 3 ஆம் திகதி ஐந்து சிறுமிகளுடனும் தன் ஐந்து வயது மகனுடனும் பாடசாலை தொடங்கியது. பெட்டிப் பலகைகளே வாங்கும் மேசையும். எரிந்த விறகின் கரித்துண்டுகள் பென்சில். காட்டுப் பழச்சாறு மை. வத்தாளங்கிழங்கு வைத்து இனிப்புப் பண்டம் சுட்டுத் தொழிலாளருக்கு விற்றார்கள். வாரத்துக்கு 50 சதம் கட்டணம் என்றிருந்தாலும், கொடுக்க இயலாத பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. ஈராண்டுக்குள் 250 பேர் வரை படித்தார்கள்.

குப்பை கொட்டும் நிலம் ஒன்றை 250 டொலர் விலைபேசி, ஐந்து டொலரை முற்பணமாகக் கொடுத்து வாங்கினார். குளிர்காலத்தில் அந்நகருக்கு வந்து தங்கும் செல்வந்தர்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டார். சவர்க்கார உற்பத்தியாளர் ஜேம்ஸ் கம்பிள், தையல் இயந்திரக் கம்பனிக்காரர் தோமஸ் வைற் போன்றோர் உதவினர்.

ஆரம்பத்தில் வாசிப்பு, எழுத்து, கணக்குடன் சமையலும் தையலும் நிறையக் கற்பிக்கப்பட்டன. வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்கே பிள்ளைகளைத் தயார்செய்கிறார் என்ற விமர்சனம் எழுந்தது. இன்று வாசிக்கும் எமக்கும் அது உறுத்துகிறது. ஆனால், அவர் அங்கே நின்றுவிடவில்லை. உயர்தர வகுப்புகள், ஆசிரியப் பயிற்சி எனப் படிப்படியாக மேலே கொண்டுபோனார். பணம் தருபவர் எந்தப் பாடத்துக்குத் தருவார் என்பதை அவர் நன்கறிந்திருந்தார் என்றே நாம் கருதுகிறோம். பாடசாலை நடத்தியவர்களுக்கு இது விளங்கும்.

ஒரு விடயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிறு பிற்பகல்களில் பிள்ளைகளின் பாட்டுக் கேட்க வெள்ளைக்காரரும் வருவார்கள். அவர்களுக்கென்று தனி வரிசை கிடையாது. யாரும் எங்கும் இருக்கலாம். புளோரிடாவில் அக்காலத்தில் இது சிறிய காரியமன்று. எமது யாழ்ப்பாணத்திலும் 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் சம ஆசனம் என்பது எத்தனை பெரிய பிணக்காயிற்று என்பதையும், ஒரே வாங்கில் இருத்தக்கூடாதென்று தரையில் இருத்தப்பட்ட பிள்ளைகளையும் நூறாண்டு கொண்டாடும் வேளையில் மறப்பது சரியல்ல.

இனி, முன்பு சொன்ன தனிக்காரணம். விடுதியில் இருந்த மாணவி ஒருத்திக்குக் கடுமையான குடல்வால் அழற்சி. நகரில் இருந்தது வெள்ளையருக்கான வைத்தியசாலை. அம்மையார் கெஞ்சிக் கேட்டதன் பேரில் சத்திரசிகிச்சை நடந்தது. சில நாள் கழித்துப் பார்க்கப் போனபோது, பிள்ளையை வாட்டில் அல்ல, சமையலறைக்குப் பின்னால் இருந்த விறாந்தையில் கிடத்தியிருந்ததைக் கண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். சத்திரசிகிச்சை முடிந்த வயிற்றுடன் ஒரு பிள்ளை விறாந்தையில் கிடப்பதென்றால் என்ன என்பது வாட்டில் இரவுக்கடமை செய்த எவருக்கும் தெரியும். 1911 இல் அவரே ஒரு வைத்தியசாலையைத் திறந்தார். இரண்டு கட்டில்களுடன் தொடங்கி 20 கட்டில்கள் வரை வளர்ந்தது. தாதியர் பயிற்சியும் அங்கு நடந்தது. தம் தந்தையின் பெயரை அதற்கு வைத்தார். அம்மையாரும் தொய்வு நோயால் அவதிப்பட்டவர்.

1920களின் தொடக்கத்தில் கறுப்பின மக்களை வாக்களிக்கத் தூண்டினார் என்பதற்காக, தேர்தலுக்கு முதல்நாள் இரவு கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் வெள்ளைத் துணி போர்த்தபடி பாடசாலை வளவுக்குள் ஊர்வலம் வந்தார்கள். அவர் விளக்குகளையெல்லாம் ஏற்றச் செய்தார். பிள்ளைகள் பாடினார்கள். வந்தவர்கள் போய்விட்டனர். மறுநாள் அவர் தம் மக்களை அழைத்துச் சென்று வாக்களித்தார்.

1923 இல் பாடசாலை குக்மன் கல்வி நிலையத்துடன் இணைந்தது. அதுவே இன்றைய பெத்தூன்-குக்மன் பல்கலைக்கழகம். 1935 இல் கறுப்பினப் பெண்களின் தேசிய சபையை நிறுவினார். அடுத்த ஆண்டு முதல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசில் இளைஞர் நிர்வாகப் பிரிவில் பதவி வகித்து, கறுப்பின மாணவரின் படிப்புச் செலவுக்கான உதவிப்பணம் அவர்களைச் சென்றடையப் பாடுபட்டார். வாஷிங்டனில் அவர் பெற்ற புகழைப் பற்றி எழுதப் பல நூல்கள் உண்டு. நாம் அதை நீட்டவில்லை.

1954 மே 17 ஆம் திகதி அரச பாடசாலைகளில் இனப் பிரிவினை சட்டத்துக்கு முரணானது என அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குச் சரியாக ஓர் ஆண்டும் ஒரு நாளும் கழிந்து, 1955 மே 18 ஆம் திகதி அம்மையார் மாரடைப்பால் காலமானார். கல்லூரி வளவில் தாம் வாழ்ந்த வீட்டின் பின்புறம் அடக்கம் செய்யப்பட்டார். 2022 இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் புளோரிடா மாநிலத்தின் சார்பில் அவரது வெண்பளிங்குச் சிலை நிறுவப்பட்டது. அதற்கு முன் அம்மாநிலத்தின் பெயரில் அங்கு நின்றது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதி ஒருவரின் சிலை.