பட்டம் பெறாத ஆராய்ச்சியாளர்: அன்னா மாணி அம்மையார்



முதுகலை விஞ்ஞானம் முடிக்கும் நம்மில் பலர் இப்பொழுது ஆராய்ச்சிப் படிப்புக்கான விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். 'கல்வித் தகுதி' என்னும் கட்டத்துக்கு வந்ததும் எல்லோருக்கும் கை சற்றே தயங்குகிறது. அந்தக் கட்டத்தில் ஒரு வரி குறைந்த காரணத்தால், ஆராய்ச்சியை முற்றும் செய்து முடித்த பின்னரும் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்ட ஒருவரின் வரலாறு இது. நம்மில் பெரும்பாலோர் பிறப்பதற்கு முன்னரே மறைந்துவிட்ட அவர் நமக்கு அயலார் அல்லர். பிறந்ததும் கண் மூடியதும் இக்கேரள மண்ணில். கல்லூரிக் கல்வி கற்றது சென்னையில்.

பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மலைநாடாகிய பீருமேட்டில் 1918 ஆகஸ்டு 23-ஆம் நாள் அன்னா மாணி பிறந்தார். (1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபொழுது, திருவிதாங்கூர்த் தமிழர்கள் கேட்டும் கிடைக்காத பகுதிகளில் பீருமேடும் ஒன்று, எங்கள் தனுவச்சபுரம் அடங்கிய நெய்யாற்றின்கரையும் ஒன்று. பிழைப்பை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கு வந்து சேர்ந்த என் தந்தையார் இதை அடிக்கடி சொல்வார்.) அன்னாவின் தந்தையார் ஒரு பொறியாளர், ஏலத் தோட்டங்களும் உடையவர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை அன்னா. ஆண் மக்களை உத்தியோகத்துக்கும் பெண் மக்களை மணவாழ்க்கைக்கும் பழக்குவது அக்குடும்பத்து வழக்கம். எட்டாம் பிறந்த நாளன்று வைரக் கம்மல் அளிக்க முன்வந்தபொழுது, அச்சிறுமி அதை வேண்டாம் என்று கூறிப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பர். பிற்காலத்தில் அவர் கையில் வைரங்கள் ஏராளமாக வந்து சேர்ந்தன. அவை காதில் அணிவதற்கு வந்தவை அல்ல.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1939-இல் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். 1940-இல் உபகாரச் சம்பளம் கிடைத்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. இராமன் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அக்கழகத்தின் கதவு பெண்களுக்கு எளிதில் திறந்த கதவு அன்று. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1933-இல், பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் சிறந்த தேர்ச்சி பெற்று விண்ணப்பித்த கமலா சோஹோனி என்னும் மாணவியைப் பெண் என்ற ஒரே காரணத்தால் சேர்த்துக்கொள்ள இராமன் மறுத்தார். அம்மாணவி நேரில் சென்று வாதாடினார். ஓராண்டுக் காலம் சோதனையாகச் சேர்த்துக்கொள்வதாக நிபந்தனை விதித்து, அதன் பின்னரே இடம் தந்தார்கள். 1939-இல் அவர் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். இராமனின் விஞ்ஞானப் பெருமையில் எனக்குக் குறைந்த மதிப்பு இல்லை. எனினும் இதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது. அன்னா மாணி சேர்ந்த காலத்திலும் ஆய்வுக்கூடத்தில் ஆண் மாணவரும் பெண் மாணவரும் கலந்து பேசுவதை அவர் விரும்பியதில்லை. ஆய்வுக்கூடத்தில் பாதி படிப்பு நண்பர்களின் விவாதத்தில்தான் நடக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. அந்தப் பாதி அவருக்கு வாய்க்கவில்லை.

அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை வைரங்களின் ஒளிர்வை ஆராய்வது. முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களை எடுத்து, அவை உமிழும் ஒளியையும் உறிஞ்சும் ஒளியையும் நிறமாலையாகப் பிரித்துப் படம் பிடித்தார். அவ்வொளி மிகவும் மங்கியது. ஒரே ஒரு தகட்டில் அது பதிவதற்கு 15 முதல் 20 மணி நேரம் வரை ஆகும். இடையில் கருவி அசையக் கூடாது. வைரத்தைத் திரவக் காற்றினால் குளிரவைத்துச் செய்யும் சோதனைகளும் உண்டு. இரவெல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே தங்கினார். 1942 முதல் 1945 வரை தம் பெயரில் மட்டுமே ஐந்து கட்டுரைகளை வெளியிட்டார். இன்று ஒரே கட்டுரையில் பத்துப் பெயர்களுக்கு நடுவே தம் பெயரைக் கண்டு மகிழும் நமக்கு, இருபத்தேழு வயதுக்குள் தனியாக ஐந்து கட்டுரைகள் என்பதன் அருமை விளங்காமற் போகாது.

இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு அந்நாளில் பட்டம் வழங்கும் உரிமை இல்லை. 1958-இல்தான் அது பல்கலைக் கழகத் தகுதி பெற்றது. அங்கு ஆராய்ச்சி செய்தவர்கள் தம் ஆய்வேட்டை வேறொரு பல்கலைக் கழகத்துக்கு அனுப்புவது வழக்கம். 1945 ஆகஸ்டில் அன்னா மாணியும் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பினார். முதுகலைப் பட்டம் இல்லாதவருக்கு டாக்டர் பட்டம் தர விதியில் இடம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். ஆனர்ஸ் பட்டமும் ஐந்தாண்டு ஆராய்ச்சியும் ஐந்து கட்டுரைகளும் ஒரு பக்கம், எம்.எஸ்ஸி. என்னும் மூன்று எழுத்து மறு பக்கம்.

இதே பல்கலைக் கழகம்தான் 1913-இல், எஃப்.ஏ. தேர்விலேயே தவறிய துறைமுகக் குமாஸ்தா இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் வீதம் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. அதைப் பெறுவதற்கும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்ற விதி இருந்தது. இராமானுஜனுக்காக அதைத் தளர்த்தினார்கள். உபகாரச் சம்பளம் வேறு, பட்டம் வேறு என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் விதியைத் தளர்த்த மனிதரால் இயலும் என்பதை அந்த 1913 காட்டிவிட்டது. இராமானுஜனுக்காகப் பரிந்து எழுதப் பெரிய மனிதர்கள் பலர் இருந்தார்கள்.

என் அனுபவம் மிகச் சிறியது. வீடு தனுவச்சபுரம், இளங்கலை படித்ததோ களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டில். தினமும் இரயிலில் போய் மாலையில் திரும்பிய படிப்பு அது. அப்பட்டத்துக்குச் சமத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று ஓர் அலுவலகம் என் முதுகலை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியபொழுது, கடல் கடந்து படித்து வந்தவனைப் போல உணர்ந்தேன். தாள் வந்தது, இடமும் கிடைத்தது. ஆனால் காத்திருந்த அந்த நாட்களில்தான் அன்னா மாணியின் பெயரை முதன்முதலாகத் தேடிப் படித்தேன்.

அவர் காத்திருக்கவில்லை. 1945-லேயே அரசாங்க உபகாரச் சம்பளத்தில் இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் புறப்பட்டார். பௌதிகம் தொடரவே விருப்பம். கிடைத்ததோ வானிலைக் கருவிகளில் பயிற்சி. அதையே ஏற்றுக்கொண்டார். 1948-இல் நாடு திரும்பிப் புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெப்பமானி, காற்றழுத்தமானி போன்ற எளிய கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஏறத்தாழ 100 வகைக் கருவிகளுக்குத் திட்டமான வரைபடங்கள் தயாரித்து, அவற்றை இந்நாட்டுப் பட்டறைகளிலேயே செய்யவைத்தார். 1957-58 சர்வதேசப் பூபௌதிக ஆண்டில் சூரிய ஒளியை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். நமக்கு அருகிலுள்ள தும்பாவில் 1963-இல் முதல் ராக்கெட் விண்ணில் ஏறிய காலத்தில், விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின்படி அங்கே வானிலை ஆய்வு நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தவரும் இவரே.

கருவிகளின் துல்லியத்தில் அவர் காட்டிய பிடிவாதம் சிலருக்கு வீண் கண்டிப்பாகத் தோன்றலாம். தனுவச்சபுரத்திலிருந்து நாகர்கோவில் போய், அங்கிருந்து திருநெல்வேலி செல்கிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பார்கள். காற்றிலிருந்து பெறக்கூடிய ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. ஆகவே வேகத்தை அளக்கும் கருவி பத்து சதவீதம் கூட்டிக் காட்டினால், ஆற்றல் கணக்கு முப்பத்து மூன்று சதவீதம் பிழைபடும். அக்கணக்கை நம்பிக் கோடிக்கணக்கான ரூபாயைக் குன்றின்மேல் நட்டவன் கதி என்னவாகும்? தவறான அளவீட்டைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அம்மையாரின் கொள்கையாக இருந்ததில் வியப்பு இல்லை.

1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். பிறகு பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வருகைப் பேராசிரியராகச் சென்றார். 1980-இலும் 1981-இலும் இந்தியாவின் சூரிய ஒளி பற்றிய அவருடைய இரு பெரு நூல்கள் வெளிவந்தன. காற்று, சூரிய ஒளி ஆகியவற்றை அளக்கும் கருவிகளைச் செய்ய ஒரு சிறு பட்டறையும் பெங்களூரில் நடத்தினார். நாடெங்கும் காற்றின் வேகத்தை அளந்து தொகுக்கும் பெரும் பணியும் அவர் தலைமையில் நடந்தது. 1987-இல் இந்திய தேசிய விஞ்ஞானக் கழகம் கே. ஆர். இராமநாதன் பதக்கம் அளித்தது. 2001 ஆகஸ்டு 16-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார்.

டாக்டர் பட்டம் இல்லாததைத் தம் வாழ்வில் ஒரு குறையாகவே அவர் எண்ணவில்லை என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது அவர் பெருந்தன்மை. மறுத்தவர்கள் செய்தது சரி என்பதற்கு அது சான்று ஆகாது. 2022-ஆம் ஆண்டுப் பல்கலைக் கழக மானியக் குழு விதிகளின்படி, நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் பெற்றவர் முதுகலை இன்றியே டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஏறத்தாழ அவர் நின்ற அதே படியில் நிற்கும் ஒருவர் இன்று நேரே உள்ளே போகலாம். எழுபத்தேழு ஆண்டுகள் ஆயின.

பட்டம் பெறாத அந்த ஆய்வேடு பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில், பட்டம் பெற்ற ஏடுகளோடு கட்டடம் செய்யப்பட்டு ஒரே அலமாரியில் இருக்கிறது. வைரங்களைப் பற்றிய அவருடைய 1944-ஆம் ஆண்டுக் கட்டுரையை இந்திய விஞ்ஞான அகாதமியின் பழைய வெளியீடுகளில் யாரும் காசு கொடாமல் படிக்கலாம். பௌதிகம் பயில்கிற நண்பர்கள் ஒரு மாலைப் பொழுது ஒதுக்கினால் போதும்; நடை எளிதாகவே இருக்கிறது.