கைம்மையிலிருந்து துறவுக்கு: அன்னை எலீஸ்வாவின் வாழ்வு

முன்னுரை

கணவனை இழந்த பெண்ணின் நிலையாகச் சங்க இலக்கியம் கைம்மை நோன்பையும் உடன்உயிர் நீத்தலையும் காட்டுகிறது. மணிமேகலைக் காப்பியம் மூன்றாவது வழியொன்றைக் காட்டுகிறது. கோவலன் இறந்தபின் மாதவி பௌத்தத் துறவை ஏற்று, மகளையும் அவ்வழியில் செலுத்துகிறாள். 19ஆம் நூற்றாண்டுக் கேரளத்தில் தாயும் மகளும் ஒருங்கே கத்தோலிக்கத் துறவு பூண்ட நிகழ்வு அன்னை எலீஸ்வாவின் (1831–1913) வாழ்வில் அமைந்தது. மாதவி சென்றடைய ஒரு சங்கம் இருந்தது. எலீஸ்வா தாம் புகவேண்டிய மடத்தைத் தாமே தோற்றுவிக்க வேண்டியிருந்தது. அவரது வரலாற்றை நோக்க இவ்வேறுபாடு அடிப்படையாகிறது.

இல்லறமும் காத்திருப்பும்

கொச்சியை அடுத்த வைப்பின் தீவிலுள்ள ஓச்சந்துருத்தில் 1831 அக்டோபர் 15இல் எலீஸ்வா பிறந்தார். 1847இல் கூனம்மாவு வாகயில் குடும்பத்தைச் சேர்ந்த வத்தருவை மணந்தார். 1850இல் மகள் அன்னா பிறந்தார். மறு ஆண்டே கணவர் இறந்தார். மறுமண வாய்ப்பை எலீஸ்வா ஏற்கவில்லை. உள்நாட்டுப் பெண்களுக்கெனக் கேரளத்தில் துறவு மடம் இல்லாத காலம் அது. மகளை வளர்த்தபடியே செபத்திலும் தனிமையிலும் ஏறத்தாழ 15 ஆண்டுகளைக் கழித்தார். துறவு விருப்பம் இல்லத்தை உதறியதால் அன்றி, இல்லத்துக்குள்ளேயே முதிர்ந்தது என்பதற்கு இக்காலம் சான்றாகிறது.

கூனம்மாவு மடம்

எலீஸ்வாவின் விருப்பத்தை இத்தாலியக் கர்மேல் துறவி லெயோபோல்ட் பெக்காரோ அறிந்தார். பேராயர் பெர்னார்தீன் பச்சினெல்லியின் இசைவுடன் 1866 பிப்ரவரி 13இல் கூனம்மாவில் மூங்கிலாலான எளிய மடமொன்று தொடங்கப்பெற்றது. அப்போது எலீஸ்வாவுக்கு வயது 34. மகள் அன்னாவும் தங்கை திரேசியாவும் அவருடன் இணைந்தனர். குடும்ப உறவே துறவுச் சமூகத்தின் முதல் கட்டமைப்பாயிற்று. பெண்கல்வியும் ஆதரவற்ற சிறுமியர் பராமரிப்பும் மடத்தின் பணிகளாயின.

முதுமையில் மறுதொடக்கம்

இலத்தீன், சிரிய வழிபாட்டு முறையினர் இருவரும் இம்மடத்தில் ஒன்றாக வாழ்ந்தனர். 1887இல் உரோமை இவ்விரு பிரிவினரின் திருச்சபை நிருவாகத்தைப் பிரித்தது. அதன் விளைவாக 1890இல் கூனம்மாவு மடம் சிரியப் பிரிவினருக்கு உரியதாயிற்று. இலத்தீன் முறையைச் சேர்ந்த எலீஸ்வா, மகளுடனும் தங்கையுடனும் வெளியேறி வராப்புழையில் மீண்டும் தொடங்கினார். தாம் கண்ட மடத்தை இழந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 59. முதல் தொடக்கத்தில் துணைநின்ற நீண்ட காத்திருப்பு இம்முறை அவருக்கு வாய்க்கவில்லை. 1913 ஜூலை 18இல் வராப்புழையில் இறந்தார்.

முடிவுரை

கூனம்மாவு மடத்திலிருந்து இரு சபைகள் கிளைத்தன. கர்மேல் அன்னை சபை, சாவரா குரியாக்கோஸ் எலியாசையும் லெயோபோல்டையும் நிறுவுநராகக் கொள்கிறது. தெரேசிய கர்மேல் சபை எலீஸ்வாவைக் கொள்கிறது. மடம் எழ இசைவும் இடமும் நல்கியோரை மட்டும் நிறுவுநர் எனக் கொண்டால், அது எழக் காரணமான விருப்பம் வரலாற்றில் மறைந்துபோகும். அவ்விருப்பத்தை 15 ஆண்டுகள் சுமந்தவர் கைம்பெண்ணான ஒரு தாய். 2025 நவம்பர் 8இல் வல்லார்பாடத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பெற்றது. மாதவியின் துறவைக் காப்பியம் பேசியது போல, எலீஸ்வாவின் துறவையும் பெண் துறவு வரலாற்றில் வைத்துப் பேச இடமுண்டு.