இளைஞர் கையில் காமிராவைக் கொடுத்த ஜான் கிரியர்சன்

ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகையில் நாம் ஆசையோடு பார்க்கப் போன படம் தொடங்குமுன், அரசாங்கத்தின் செய்திப் படம் ஒன்று கட்டாயம் ஓடும். அணைக்கட்டு, அம்மைத் தடுப்பு, வெள்ள நிவாரணம் என்று ஏதாவது ஒன்று. சிறுவர்கள் பொறுமையிழந்து விசிலடிப்பார்கள்; பெரியவர்களில் சிலர் அந்த நேரம் பார்த்து முறுக்கு வாங்க வெளியே போவார்கள். அலட்சியமாக நாம் பார்த்த அந்தப் படங்களுக்கும் ஒரு மூதாதை உண்டு. அவர்தாம் ஸ்காத்லாந்து நாட்டவரான ஜான் கிரியர்சன். திரைப்படத்தைப் பொதுநலத்துக்குப் பயன்படுத்தியவர் என்பதற்காக மட்டுமன்று, அதைத் தம் பேருக்கென்று வைத்துக்கொள்ளாமல் வாலிபர் கூட்டம் ஒன்றிடம் ஒப்படைத்தவர் என்பதற்காகவும் அவர் வரலாற்றை நம் வாலிபர்கள் அறிந்திருப்பது நல்லது.

கிரியர்சன் 1898 ஏப்ரல் 26 அன்று ஸ்டெர்லிங் நகருக்கு அருகேயுள்ள டீன்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கிராமப் பள்ளித் தலைமை ஆசிரியர். தாயும் ஆசிரியையாக இருந்தவர். தொழிலாளர், பெண்கள் உரிமைக்காகத் துணிந்து பேசியவர். முதல் உலகப் போரில் மகன் கடற்படையில் சேர்ந்து, கண்ணிவெடி அகற்றும் கப்பல்களில் தந்திக்காரராகப் பணிபுரிந்தார். கடலும் கடலோடிகளும் அப்போதே அவர் மனத்தில் இடம் பிடித்துவிட்டனர். பின்னர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று பட்டம் பெற்று, 1924ஆம் ஆண்டு ஓர் உதவித்தொகையுடன் அமெரிக்கா சென்றார்.

பத்திரிகையும் சினிமாவும் பொதுமக்கள் எண்ணத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதே அங்கே அவர் ஆராய்ந்த பொருள். உலகம் சிக்கலாகிவிட்டது, சாதாரண மனிதனால் நாட்டு நடப்பைப் புரிந்துகொள்ள முடியாது, ஆகவே மக்களாட்சி நிலைக்காது என்று அறிஞர் சிலர் அன்று எழுதி வந்தனர். கிரியர்சன் இதை ஏற்கவில்லை. புரியவில்லை என்றால் புரியும்படி காட்டவேண்டியதுதானே என்று நினைத்தார். சினிமாவைக் கேளிக்கையாகப் பாராமல் ஒரு பிரசங்க மேடையாகவே அவர் கருதினார். 1926இல் பிளாஹர்ட்டி என்பவரின் படத்துக்கு விமர்சனம் எழுதுகையில் டாக்குமெண்டரி என்ற சொல்லைக் கையாண்டார். உண்மை வாழ்வைக் காட்டும் படங்களுக்கு அப்பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது.

தாயகம் திரும்பிய அவர் 1927இல் பேரரசு விற்பனைக் கழகம் என்ற அரசு அமைப்பில் சேர்ந்தார். படம் எடுக்கப் பணம் தரக் கருவூலம் தயங்கியது. கருவூலத்துக்குப் பொறுப்பான அமைச்சர் ஒருவர் ஹெர்ரிங் மீனைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். ஆகவே அந்த மீன்பிடித் தொழிலையே படத்தின் பொருளாகத் தேர்ந்தெடுத்தனர், பணமும் கிடைத்தது! (ஹெர்ரிங் என்பது நம் சாளை மீனின் இனத்தைச் சேர்ந்தது.) இப்படிப் பிறந்த 'டிரிஃப்டர்ஸ்' என்ற படம் 1929 நவம்பரில் லண்டனில் திரையிடப்பட்டது. அதுவரை பிரிட்டிஷ் படங்களில் தொழிலாளி வந்தால் சிரிப்புக்காகத்தான் வருவான். இதிலோ வலை இழுக்கும் கைகளும், உப்பு நீரில் நனைந்த முகங்களும் மரியாதையோடு காட்டப்பட்டன. படம் பெரும் பாராட்டைப் பெற்றது.

இந்த வெற்றிக்குப் பிறகு வேறு யாராக இருந்தாலும் அடுத்த படத்துக்கு ஓடியிருப்பார்கள். கிரியர்சனோ ஏறக்குறைய அத்தோடு இயக்குநர் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார். தாம் ஒருவராக எத்தனை படம் எடுத்துவிட முடியும் என்ற கணக்குத்தான். 1930 முதல் பாசில் ரைட், ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி, ஹாரி வாட் போன்ற இளைஞர்களைச் சேர்த்தார். பெரும்பாலோருக்கு முன்பயிற்சி கிடையாது, சம்பளமும் சொற்பம். தம் தங்கையர் ரூபி, மரியன் இருவரையும் இத்தொழிலில் இறக்கினார். மைத்துனர் ஜான் டெய்லர் பதினாறு வயதுப் பையனாக வந்து சேர்ந்தார். 1933இல் அந்தக் கழகம் மூடப்பட்டபோது குழு முழுவதும் தபால் இலாகாவுக்கு மாற்றப்பட்டது.

அவர் பயிற்றுவித்த முறை மென்மையானது என்று சொல்வதற்கில்லை. எடுத்து வந்ததைப் போட்டுப் பார்த்து, முகத்துக்கு நேரே குறை சொல்லுவார். திரும்ப வெட்டி ஒட்டச் சொல்லுவார். 1934இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட பாசில் ரைட், 'சாங் ஆஃப் சிலோன்' படத்தை ஏறத்தாழ முடித்துக் காட்டியபோது இருவருக்கும் கடும் வாக்குவாதம் மூண்டது. கோபத்தோடு போன ரைட், திரும்பி வந்து இறுதிப் பகுதியைச் சீர்செய்தார். மறு ஆண்டு அப்படம் பிரஸ்ஸல்ஸ் நகரில் பரிசு பெற்றது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அப்படத்துக்குப் பணம் தந்தது தேயிலை விளம்பரச் சபை. மலையகத்தில் கொழுந்து பறித்த நம் தமிழரின் துன்பத்தை அதில் தேடினால் கிடைக்காது. பிறர் பணத்தில் உண்மை பேசுவதற்கு ஓர் எல்லை இருந்தது. கிரியர்சன் அதை அறிந்தே அந்த எல்லைக்குள் முடிந்ததைச் செய்தார்.

இரவு ரயிலில் தபால் பிரிப்போரைப் பற்றிய 'நைட் மெயில்' 1936இல் உருவானது. படத்தைப் பார்த்த கிரியர்சனுக்கு ஒரு குறை பட்டது. ரயில் வருகிறது, ஊழியர் உழைக்கிறார்கள், எல்லாம் சரி; கடிதத்துக்காகக் காத்திருக்கும் மக்கள் எங்கே என்று கேட்டார். அதற்காகவே கவிஞர் ஆடன் ஒரு பாட்டு எழுத, இளைஞர் பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்தார்.

இவற்றையெல்லாம் விட 1935இல் அவருடைய சீடர்கள் எல்டனும் ஆன்ஸ்டியும் லண்டன் ஸ்டெப்னி சேரியில் எடுத்த 'ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்' என்ற படத்தையே பெரிதாகச் சொல்லத் தோன்றுகிறது. கனமான ஒலிப்பதிவுக் கருவிகளை ஒண்டுக் குடித்தன அறைகளுக்குள் கொண்டு போனார்கள். எலித் தொல்லையையும், மூட்டைப் பூச்சியையும், ஒழுகும் கூரையையும் குடியிருப்போரே தம் வாயால் சொன்னார்கள். அதற்கு முன் ஏழைகளைப் பற்றிப் பிறர்தாம் பேசுவார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பழகி, காமிரா உங்களுடையது, பயப்படாமல் சொல்லுங்கள் என்று தைரியம் கொடுத்தவர் ரூபி கிரியர்சன். இங்கும் பணம் தந்தவர்கள் எரிவாயுக் கம்பெனிக்காரர்கள். புது வீடு கட்டினால் எரிவாயு விற்குமே என்பது அவர்கள் நோக்கம். இருக்கட்டும், சேரி மக்களின் குரல் வெளியே கேட்டது அல்லவா?

கானடா அரசின் அழைப்பை ஏற்று, 1939இல் அந்நாட்டின் தேசியத் திரைப்பட வாரியத்துக்கு முதல் ஆணையராகக் கிரியர்சன் பொறுப்பேற்றார். மறு ஆண்டு, குண்டு வீச்சுக்குத் தப்பிக் கானடாவுக்கு அனுப்பப்படும் பிரிட்டிஷ் குழந்தைகளைப் பற்றிப் படமெடுக்கும் பணி ரூபியிடம் வந்தது. அதற்காக அவர் ஏறிய 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கப்பலை 1940 செப்டம்பர் 17 இரவு ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் மாண்டனர். கப்பலில் பணிபுரிந்த இந்திய மாலுமிகளும் பலர் இறந்தனர். ரூபியும் கரை சேரவில்லை. அண்ணன் தொடங்கிய வாரியத்தின் பணிக்காகவே தங்கை உயிர் போயிற்று.

கிரியர்சன் வேலையை நிறுத்தவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு தொடங்கிய வாரியம் 1945இல் ஏறக்குறைய 800 பேருடைய நிறுவனமாயிற்று. பெண்கள் பலரும் இயக்குநர்களாயினர். 1942 முதல், திரையிடும் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஊழியர்கள் கிராமம் கிராமமாகச் சென்றனர். பள்ளிக்கூடத்திலோ கோவில் மண்டபத்திலோ படம் போடுவார்கள். முடிந்ததும் ஊரார் உட்கார்ந்து அதைப் பற்றி விவாதிப்பார்கள். இதே போர்க் காலத்தில், 1940இல், அவர் குழுவில் பயின்ற அலெக்சாண்டர் ஷா பம்பாய்க்கு வந்து அரசுப் படங்களுக்குப் பொறுப்பேற்றார். நம் கொட்டகைகளில் ஓடிய செய்திப் படங்களுக்கு அந்த வழியிலும் ஓர் உறவு உண்டு.

போர் முடிந்ததும் சோதனை வந்தது. 1945இல் ஒட்டாவாவிலிருந்த சோவியத் தூதரக ஊழியர் ஒருவர் உளவு இரகசியங்களை வெளியிட்டார். கிரியர்சனிடம் முன்பு செயலாளராயிருந்த பெண்ணின் பெயரும் அதில் அடிபட்டது. விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் கதவு அவருக்கு அடைபட்டது. பாரிசில் யுனெஸ்கோவிலும், பின்னர் லண்டனிலும் பதவிகள் வகித்தார். பழைய வேகம் திரும்பவில்லை என்றே சொல்லவேண்டும்.

அவர் நட்ட நாற்றுகளோ வளர்ந்துகொண்டிருந்தன. ஸ்காத்லாந்தில் அமெச்சூர் படப் போட்டி ஒன்றில் அவர் கண்டெடுத்த மாணவன் நார்மன் மெக்லாரன், 1952இல் கானடா வாரியத்தில் 'நெய்பர்ஸ்' என்ற எட்டு நிமிடப் படத்தை எடுத்தார். ஒரு பூவுக்காக இரு அண்டை வீட்டார் சண்டையிட்டு மடிகிறார்கள். முடிவில் பிறரன்புக் கட்டளை பல மொழிகளில் திரையில் தோன்றுகிறது. அது ஆஸ்கார் பரிசும் பெற்றது. 1945இல் அந்த வாரியத்தில் சேர்ந்த காலின் லோ, 1967இல் நியூபவுண்ட்லாந்துக் கரையிலுள்ள போகோ தீவுக்குச் சென்றார். மீனவரை அங்கிருந்து குடிபெயர்க்க அரசு எண்ணியிருந்த நேரம் அது. மீனவர் பேசியதைப் படமெடுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்டினார். அரசு அதிகாரிகளுக்கும் காட்டினார். ஒற்றுமையின்றி இருந்த ஊர்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்தன. மக்கள் தீவிலேயே தங்கினார்கள்.

கிரியர்சன் எழுபது வயது கடந்து, 1969இல் மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக வந்து நின்றார். சிறு வகுப்பாகத் தொடங்கியது நூற்றுக்கணக்கான மாணவர் கூட்டமாகப் பெருகியது. பழையபடி அதட்டல், பழையபடி கேள்விகள். 1972 பிப்ரவரி 19 அன்று இங்கிலாந்தில் பாத் நகரில் அவர் காலமானார்.