அரசவையில் ஓர் எழுதுகோல்: கிறிஸ்டீன் டி பிசான்

அச்சுக்கலை தோன்றாத காலத்தில் ஐரோப்பாவில் நூல் என்பது செல்வர்க்குரிய பொருளாகவே இருந்தது. தோலைப் பதப்படுத்தி ஏடாக்கி, எழுத்தர் எழுத, ஓவியர் வண்ணம் தீட்ட, ஒரு நூல் உருப்பெற மாதங்கள் பல ஆகும். ஆதலின் புலமையாளர் அரசரையும் கோமக்களையும் சார்ந்தே வாழ வேண்டியிருந்தது. புரவலர் கையை எதிர்நோக்கி வாழ்பவர் தம் கருத்தையும் காத்துக்கொள்ள இயலுமா? பிரெஞ்சு நாட்டில் எழுத்தையே பிழைப்பாகக் கொண்ட முதற்பெண்மணி எனப் போற்றப்பெறும் கிறிஸ்டீன் டி பிசான் அம்மையாரின் வாழ்வு, இவ்வினாவுக்கு விடை தருவதாக அமைந்துள்ளது.

அம்மையார் 1364இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் தொம்மாசோ, பொலோஞாப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மருத்துவர். வானநூலும் சோதிடமும் வல்லவர். பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்லசு அவரைத் தம் அவைக்கு அழைத்துக்கொண்டார். 1368இல் குடும்பம் பாரிசு வந்து சேர்ந்தது. இம்மன்னர் கல்வியின் காவலர். லூவர் அரண்மனைக் கோபுரம் ஒன்றில் ஏறத்தாழ 900 நூல்களைத் திரட்டி வைத்தவர். அரிஸ்டாட்டிலின் நூல்களை நிக்கோல் ஓரெம் என்னும் அறிஞரைக்கொண்டு பிரெஞ்சு மொழியில் பெயர்க்கச் செய்தவர். இத்தகைய சூழலில் வளர்ந்த சிறுமிக்குத் தந்தையார் கல்வியில் ஊக்கமளித்தார். தாயாரோ நூல் நூற்பதே பெண்ணுக்குப் போதும் எனக் கருதினார்.

பதினைந்தாம் வயதில் எத்தியேன் டு காஸ்தெல் என்னும் அரசவைச் செயலருக்கு மனைவியானார். இல்லறம் இனிதாகவே நடந்தது. ஆனால் 1380இல் மன்னர் மறைந்தார். தந்தையாரின் செல்வாக்குத் தேய்ந்தது. சில ஆண்டுகளில் அவரும் காலமானார். 1390ஆம் ஆண்டளவில் கணவரும் கொள்ளைநோய்க்கு இரையானார். தாய், மக்கள், உறவுப் பெண் ஆகியோரைக் காக்கும் பொறுப்பு இருபத்தைந்து வயதுக் கைம்பெண்ணின் தோள்மேல் விழுந்தது. கணவருக்குச் சேரவேண்டிய பணத்தைப் பெற, ஒரே காலத்தில் பாரிசின் நான்கு நீதிமன்றங்களில் வழக்காட நேர்ந்தது. வழக்குகள் பல்லாண்டு நீண்டன.

அத்துயரிடையே அம்மையார் கவிதை புனையலானார். கைம்மைத் துயரைப் பாடிய அவர்தம் பாடல்கள் அவையோரைக் கவர்ந்தன. பின்னர் வரலாறும் மெய்யியலும் பயின்று பெருநூல்கள் படைத்தார். அவர் இயற்றிய ஒத்தேயாவின் மடல் என்னும் நூலில் எடுத்தாளப்படும் அறிஞர் பொன்மொழிகள் பல, பதினோராம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த அல் முபஷ்ஷிர் இப்னு ஃபாத்திக் அரபு மொழியில் தொகுத்து, பின்னர் ஐரோப்பிய மொழிகளுக்குப் பெயர்ந்து வந்தவை என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

பரிசில் பெறும் முறையை அம்மையார் நன்கறிந்திருந்தார். தம் நூல்களின் படிகளைத் தம் மேற்பார்வையிலேயே எழுதுவித்து, ஓவியம் தீட்டுவித்து, புத்தாண்டு நாளில் கோமக்களுக்குக் காணிக்கையாக்குவார். 1404இன் தொடக்கத்தில் அவ்வாறு ஒரு நூலைப் பெற்ற பர்கண்டிக் கோமகன் பிலிப்பு, மறைந்த தம் தமையனாராகிய ஐந்தாம் சார்லசின் வரலாற்றை எழுதுமாறு பணித்தார். நூல் முடியுமுன்னரே, அவ்வாண்டு ஏப்ரலில் அவர் இறந்தார். ஆயினும் அம்மையார் நவம்பரில் அதனை நிறைவு செய்தார். பிலிப்பின் மகன் ஜான் 1406இல் அவருக்கு 100 பொற்காசு வழங்கிய செய்தி கணக்கேடுகளில் பதிவாகியுள்ளது.

அவர் கருத்தை விலைக்குக் கொடுக்கவில்லை என்பதற்குச் சான்றுகள் உள. புகழ்பெற்ற ரோசாக் காவியம் பெண்களை இழித்துரைப்பதைக் கண்டித்து, அரசவைச் செயலர்களாயிருந்த அறிஞர்களோடு 1401, 1402ஆம் ஆண்டுகளில் மடல்வழி வாதிட்டார். பல்கலைக்கழகத் தலைவர் ஜான் ஜெர்சன் அவர் பக்கம் நின்றார். 1405இல் பெண்டிர் மாநகர் என்னும் நூலைப் படைத்து, வரலாற்றில் சிறந்த பெண்டிரைக் கொண்டே அவ்விழிவுரைகளுக்கு மறுப்பெழுதினார்.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. அவர் மகன் இங்கிலாந்தில் சாலிசுபரிப் பிரபுவின் அரவணைப்பில் வாழ்ந்துவந்தான். 1400இல் அப்பிரபு கொல்லப்பட்டார். அவரை வீழ்த்திய மன்னர் நான்காம் ஹென்றி, சிறுவனைத் தம்மிடம் வைத்துக்கொண்டு தாயையும் தம் அவைக்கு அழைத்தார். அம்மையார் மறுப்பைக் காட்டிக்கொள்ளாமல் தம் நூல்களை அனுப்பி, மகனை மீட்டபின் இங்கிலாந்து செல்லாது நின்றுவிட்டார். நன்கொடை பெரிதாயினும் கொடுக்கும் கை எத்தகையது என்பதை அவர் நோக்கினார்.

அக்காலத்தில் மன்னர் ஆறாம் சார்லசு மனநோயுற்றிருக்க, கோமக்கள் தம்முள் பகைத்தனர். அப்பகைவர் யாவரும் அம்மையாரின் புரவலர்களே. ஒருவரைப் புகழ்ந்து ஒருவரை இகழ்ந்திருந்தால் பரிசில் பெருகியிருக்கும். அவரோ 1405இல் அரசி இசபெல்லாவுக்கும், 1410இல் பெர்ரிக் கோமகனுக்கும், உள்நாட்டுப் போரைத் தடுக்குமாறு வேண்டி எழுதினார். அவர் சொல் எடுபடவில்லை. 1407இலேயே பர்கண்டி ஜானின் ஏவலால் ஓர்லியன்சுக் கோமகன் கொலையுண்டிருந்தார். 1415இல் அசின்கூர்ப் போரில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. 1418இல் பர்கண்டிப் படையினர் பாரிசில் புகுந்து பலரைக் கொன்றனர். அம்மையார் நகரை நீங்கிக் கன்னியர் மடத்தில் அடைக்கலம் புகுந்தார்.

பதினோராண்டுகள் அங்கே கழிந்தன. 1429இல் ஜோன் என்னும் இளமங்கை ஓர்லியன்சு நகரை மீட்ட செய்தி கேட்டு, அம்மையார் மீண்டும் எழுதுகோலை எடுத்துப் பாடினார். அப்பாடலுக்கு அவர் பரிசில் எதனையும் எதிர்நோக்கியிருக்க இயலாது. ஏறத்தாழ 1430இல் மறைந்தார். ஜோன் எரியூட்டப்பட்டதை அவர் அறிந்திருக்கமாட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

 அவருடைய புரவலர்கள் தந்த பொன் குடும்பத்தைக் காத்தது. ஆனால் எதை எழுதுவது என்பதை அந்தப் பொன் முடிவு செய்யவில்லை. கல்வியைப் பிழைப்பாகக் கொள்ளவிருக்கும் இளையோர், குறிப்பாக மாணவியர், உளங்கொள்ளத்தக்க வாழ்வு இஃது என்பதில் ஐயமில்லை.