சீனப் பெருமதில் கோஷ்ட பாலர்

கால்பந்தாட்டத்தில் களமிறங்குவோர் இருபத்திருவரே. அதனைக் காண வந்து சூழ்ந்து நிற்போரோ சிற்சில வேளைகளில் இலட்சத்தை நெருங்குவர். உள்ளே ஓடுவோரின் கால்கள் செய்யும் காரியத்தில், வெளியே நிற்போரின் குரல்களுக்கும் பங்குண்டோ? உண்டெனின் அஃது எவ்வளவு? ஜனங்களின் அபிமானம் மிக்க சங்கம் வெற்றியும் மிக்கதாகுமோ? விளையாட்டில் விருப்புடைய மாணவர் பலர் இவ்வினாவுக்கு ஆம் என்று எளிதில் விடையிறுத்து விடுகின்றனர். அவ்விடை எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராயும் பொருட்டு, இந்நாட்டு ஜனங்களின் பேரன்பை அளவின்றிப் பெற்றும், கேடயமும் லீக் முதன்மையும் தம் வாழ்நாளாட்டத்தில் கிட்டப் பெறாத ஒரு வீரரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம். அவர் கல்கத்தா மோகன் பகான் சங்கத்தின் பின்காவலராக விளங்கிய கோஷ்ட பாலர்.

முதலியார்பேட்டையில் இருந்து எழுதும் நாம் வங்காளத்து வீரரைத் தேடிச் செல்வானேன் என்று சிலர் வினவக்கூடும். புதுவைக்கும் வங்காளத்துக்கும் பழைய உறவு உண்டு. கல்கத்தாவை அடுத்த சந்தர்நாகூர், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுவைக் கவர்னரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அரவிந்தர் அச்சந்தர்நாகூரில் சிலநாள் தங்கியே 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் புதுவைக்கு வந்து சேர்ந்தார். அதற்கு அடுத்த ஆண்டில் நிகழ்ந்த ஒரு பந்தயத்திலிருந்தே நம் சரித்திரமும் தொடங்குகிறது.

1911-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29-ஆம் நாள், இந்தியக் கால்பந்துச் சங்கக் கேடயத்தின் இறுதிப் பந்தயம் கல்கத்தா மைதானத்தில் நடைபெற்றது. ஒருபுறம் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தார்; மறுபுறம் மோகன் பகான் சங்கத்தார். இந்தியர் பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். பூட்ஸ் அணிந்திருந்தவர் சுதீர் சாட்டர்ஜி ஒருவரே; அவர் கிறிஸ்தவர், பிற்காலத்தில் குருப்பட்டமும் பெற்றவர். பந்தயத்தைக் காணக் கூடியோர் அறுபதினாயிரவருக்குக் குறையார் என்று கணித்தனர். இலட்சம் என்றாரும் உளர். வெளியூர் ஜனங்களுக்காகத் தனி ரயில் வண்டி விடப்பட்டது. களத்தைக் கண்ணால் காண இயலாத தொலைவில் நின்றோர்க்குக் காற்றாடிகளைப் பறக்கவிட்டுக் கோல் கணக்கு அறிவிக்கப்பட்டது. பட்டாளத்தார் முதற்கோலைப் போட்டனர். தலைவர் சிவதாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். முடிவில் அபிலாஷ் கோஷ் அடித்த கோலால் மோகன் பகான் இரண்டுக்கு ஒன்று என வென்றது. ஆளும் இனத்தாரின் பட்டாளத்தை ஆளப்படுவோர் வென்ற அந்த மாலையில், அச்சங்கம் வெறும் விளையாட்டுச் சங்கமாக இருப்பது ஒழிந்தது. ஒரு தேசத்தின் மானமே அதன் தலைமேல் ஏற்றப்பட்டது.

அப்போது கோஷ்ட பாலருக்கு வயது பதினான்கு. அவர் 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் நாள், கிழக்கு வங்காளத்துப் பரீத்பூர் ஜில்லாவில் போஜேசுவர் என்னும் ஊரில் பிறந்தவர். கோஷ்ட விஹாரி என்பது ஆநிரைக் கொட்டிலில் விளையாடும் கண்ணனுக்குரிய பெயர். இளமையிலேயே கல்கத்தாவுக்கு வந்து, பதினாறாம் வயதில் மோகன் பகான் சங்கத்தைச் சேர்ந்து, 1913-ஆம் ஆண்டு டல்ஹௌசி சங்கத்தாருக்கு எதிராக முதன்முதல் களமிறங்கினார். அன்று முதல் 1935-ஆம் ஆண்டு வரை இருபத்திரண்டு ஆண்டுகள் அச்சங்கத்தின் பின்புறத்தைக் காத்து நின்றார்.

அவர் ஆடியது முன்னணியில் அன்று. கோல் அடித்துக் கைதட்டுப் பெறும் ஸ்தானமும் அன்று. வரும் பந்தைத் தடுத்து நெடுந்தூரம் திருப்பி அனுப்புவதே அவர் தொழில். ஓங்கிய உடலும் அஞ்சா நெஞ்சும் படைத்த அவர், பூட்ஸ் அணிந்த பட்டாளத்து வீரர் பாய்ந்து வருங்கால் வெறுங்காலோடு எதிர்நின்று பந்தைக் கவர்வார். அந்நாளைய பத்திரிகைகள் அவரைச் சீனப் பெருமதில் என்று அழைத்தன. அப்பெயர் ஜனங்களின் நாவில் ஏறி, அவர் இயற்பெயரினும் மிகுதியாக வழங்கலாயிற்று. 1921-ஆம் ஆண்டில் தலைமை ஏற்று ஐந்தாண்டுகள் சங்கத்தை நடத்தினார். 1933-ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சென்ற இந்தியக் கோஷ்டிக்கும் அவரே தலைவர்.

இனி அச்சங்கத்தின் அதிர்ஷ்டத்தை நோக்குவோம். 1911-ஆம் ஆண்டு வெற்றிக்குப் பின்னும் கல்கத்தா லீக்கில் அதற்கு உடனே இடம் கிடைக்கவில்லை. 1914-ஆம் ஆண்டில் இரண்டாம் பிரிவிலும், அடுத்த ஆண்டில் முதற்பிரிவிலும் இடம் பெற்றது. முதற்பிரிவில் இரண்டு இந்தியச் சங்கங்களுக்கு மேல் ஆடலாகாது என்னும் விதி 1925-ஆம் ஆண்டு வரை நிலவியது. இந்நிலையில் மோகன் பகான் பலமுறை இரண்டாம் ஸ்தானம் வரை ஏறி, முதலிடம் பெறாமல் திரும்பியது. 1923-ஆம் ஆண்டில் கேடயத்தின் இறுதிப் பந்தயத்தை மீண்டும் எட்டியது. எதிரி கல்கத்தா கால்பந்துச் சங்கம் எனப்பட்ட ஐரோப்பியர் சங்கம். காத்திருந்த ஜனங்களின் ஆவல் சொல்லி முடியாது. ஆனால் மழை பொழிந்து களம் சேறாயிற்று. சேற்றில் ஊன்றி நிற்க பூட்ஸ் உடையார்க்கு இயன்றது; வெறுங்காலினர் வழுக்கினர். மூன்று கோல் வித்தியாசத்தில் மோகன் பகான் தோற்றது. அவ்வாண்டே பம்பாய் ரோவர்ஸ் கோப்பையின் இறுதியிலும் டர்ஹாம் பட்டாளத்தாரிடம் தோல்வி நேர்ந்தது.

இங்கே நாம் ஒரு கணம் நின்று எண்ணுதல் தகும். கல்கத்தாவில் கால்பந்து மழைக்காலத்து விளையாட்டு. ஆயிரம் ஆயிரம் குரல்கள் ஆர்ப்பரித்தாலும் ஒரு துளி மழை நிற்பதில்லை, சேறும் உலர்வதில்லை. ஜனத்திரளின் அன்பு, ஆடுவோரின் மனத்தைத் தொடவல்லது; தரையைத் தொடவல்லதன்று.

மற்றொரு காரணமும் உண்டு. சொந்த மைதானத்தில் ஆடும் சங்கத்துக்கு வெற்றி மிகுதி என்பது உலகெங்கும் கண்ட உண்மை. அதன் காரணம் நெடுங்காலம் தெளிவாகாமல் இருந்தது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் பொருட்டு ஐரோப்பாவில் பந்தயங்கள் வெற்று மைதானங்களில் நடைபெற்றபோது ஒரு சோதனை தானே அமைந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ஜெர்மனி தேசத்து முதற்பிரிவு லீக் ஆளில்லா மைதானங்களில் மீண்டும் தொடங்கிற்று. ஆராய்ந்தோர் இரண்டு மாறுதல்களைக் கண்டனர். சொந்த ஊர்ச் சங்கங்களின் வெற்றி முன்னிலும் குறைந்தது. வெளியூர்ச் சங்கத்தார்மீது மத்தியஸ்தர் காட்டும் எச்சரிக்கை அட்டைகளும் குறைந்தன. ஆகவே கூட்டத்தின் ஆரவாரம் ஆடுவோரின் காலுக்கு மட்டுமன்றி, மத்தியஸ்தரின் செவிக்கும் எட்டி, அவர் அறியாமலே அவர் தீர்ப்பைச் சாய்க்கிறது என்பது விளங்குகிறது.

இவ்வுண்மையைக் கோஷ்ட பாலர் காலத்தோடு ஒப்பிட்டால் அவர் நின்ற நிலை தெளிவாகும். அந்நாளில் கால்பந்தின் நிர்வாகம் ஐரோப்பியர் கையில் இருந்தது. பெரும் பந்தயங்களில் மத்தியஸ்தரும் பெரும்பாலும் அவ்வினத்தவரே. சூழ்ந்து நின்ற ஜனங்களோ ஆளப்படுவோர். கூடார ஆசனங்களில் அமர்ந்தோர் சிலர். மரக்கிளைகளிலும் வில்லியம் கோட்டையின் மேட்டுச் சரிவிலும் நின்று கண்டோர் பலர். எண்ணிக்கை மிக்க கூட்டம் ஒருபுறமும், அதிகாரம் மற்றொரு புறமும் நிற்குமிடத்து, ஆரவாரம் தீர்ப்பைச் சாய்ப்பதில்லை. கூட்டத்தின் பலம், அதனைப் பொருட்படுத்த வேண்டியவர் உள்ள இடத்திலேயே பலமாகும்.

அங்ஙனமாயின் அவ்வன்பு வீணாயிற்றோ? இல்லை. இரண்டாம் ஸ்தானத்தையே பெற்று வந்த ஒரு சங்கம் இருபத்தெட்டு ஆண்டுகள் கலையாமல் நின்றது அவ்வன்பினாலேயே. சம்பளம் இல்லாக் காலத்தில் சிறந்த இளைஞர் அதனை நாடி வந்ததும் அதனாலேயே. பெரும் பந்தயங்களை நடத்தியோர் அதனை அழைக்காதிருக்க இயலாமற் போனதும் அதன் பயனே. 1925-ஆம் ஆண்டில் சிம்லாவில் நடந்த டூரண்டு கோப்பைப் பந்தயத்துக்கு, பட்டாளம் அல்லாத இந்தியச் சங்கங்களுள் முதன்முதல் அழைப்புப் பெற்றது மோகன் பகானே. கோஷ்ட பாலருக்குச் சங்கம் தந்த பொருள் ஒன்றுமில்லை. ஜனங்கள் தந்த அன்பே அவர் ஊதியம்.

ஆயினும் அன்பு மட்டும் போதாது என்பதை அவருடைய இறுதி ஆண்டுகளில் வேறொரு சங்கம் காட்டிற்று. 1934-ஆம் ஆண்டு முதற்பிரிவில் புதிதாக அடியெடுத்து வைத்த முகம்மதன் ஸ்போர்டிங் சங்கம், அவ்வாண்டே லீக் முதன்மையை வென்று, 1938-ஆம் ஆண்டு வரை தொடர்ந்து ஐந்து முறை அதனைக் கைக்கொண்டது. அதற்கும் பெருங்கூட்டம் இருந்தது. இந்தியா எங்கணும் அதனைத் தம்மதாக எண்ணியோர் இருந்தனர். ஆனால் அச்சங்கத்தார் அவ்வபிமானத்தை ஆரவாரத்தோடு விடவில்லை. பெங்களூர் முதலிய தூர நகரங்களிலிருந்து தேர்ந்த ஆட்டக்காரரை வரவழைத்தனர். களம் ஈரமாயின் பூட்ஸ் அணிந்து ஆடப் பழகினர். 1923-ஆம் ஆண்டில் மோகன் பகானை வீழ்த்திய சேறு, இவர்களை வீழ்த்தவில்லை. அன்பு விதையாகும், உழுது நீர் பாய்ச்சினார்க்கே அது விளைவாகும் என்பது இவ்விரு சங்கங்களையும் ஒப்பிட்டு நாம் அறிந்துகொள்ளும் பாடம்.

ஜனங்களின் அபிமானம் ஊர்வாரியாகப் பிரிவதையும் கோஷ்ட பாலர் கண்டார். 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஈஸ்ட் பெங்கால் சங்கம் தோன்றிற்று. கிழக்கு வங்காளத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தோர் அதனைத் தம் சங்கமெனக் கொண்டாடினர். பிறப்பால் கோஷ்ட பாலர் கிழக்கு வங்காளத்தவரே. எனினும் தம்மை வளர்த்த சங்கத்தின் பின்காவலராகவே இறுதிவரை நின்றார்.

1935-ஆம் ஆண்டில் கல்கத்தா கால்பந்துச் சங்கத்தாருடன் நடந்த ஓர் ஆட்டத்தில், மத்தியஸ்தரின் தீர்ப்புகள் நடுநிலை தவறியவை எனக் கருதி, அவரும் தோழரும் ஆட்டத்தை விடுத்துத் தரையில் படுத்துவிட்டனர் என்று சொல்லப்படுகிறது. அவ்வாண்டோடு அவர் களத்தினின்றும் விலகினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1939-ஆம் ஆண்டில், மோகன் பகான் லீக் முதன்மையை முதன்முறை வென்றது. கேடயத்தையோ 1947-ஆம் ஆண்டிலேயே மீளப் பெற்றது. இரண்டும் அவர் கண்முன் நிகழ்ந்தன. அவர் காலால் நிகழவில்லை. மதில் காத்த வீட்டில் விளக்கேற்றியோர் பிறர்.

அரசாங்கத்தார் 1962-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தனர். கால்பந்து வீரருள் அதனை முதலிற் பெற்றவர் அவரே. 1976-ஆம் ஆண்டில் அவர் உலக வாழ்வை நீத்தார். கல்கத்தாவில் அவருக்குச் சிலை உண்டு. அவர் பெயரால் ஒரு வீதியும் உண்டு. 1998-ஆம் ஆண்டில் அவர் உருவந் தாங்கிய தபால் தலையும் வெளியாயிற்று. கேடயம் பெறாத ஒருவருக்கு இத்துணைச் சிறப்பா என்று வியப்போர், ஜனங்கள் வெற்றியை மட்டும் நினைவிற் கொள்வதில்லை, தமக்காக நின்றவரையும் நினைவிற் கொள்கின்றனர் என்பதை அறிவாராக.

அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் நாள், கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய பந்தயத்தில், அபிமானிகளிடையே கலகம் மூண்டு, நெரிசலில் பதினாறு பேர் உயிரிழந்தனர். தன் சங்கத்தின்மேல் கொண்ட அன்பு அயலான்மேல் கொள்ளும் பகையாக மாறும்போது, கூட்டம் சங்கத்தை வாழ்விப்பதில்லை, வீடுகளை இருளாக்குகிறது.

மாணவ நண்பர்களே, ஜனங்களின் அபிமானம் மட்டும் ஒரு ஸ்தாபனத்தைக் காத்துவிடாது என்பதற்கு நாம் கல்கத்தா வரை செல்ல வேண்டுவதில்லை. 1898-ஆம் ஆண்டில் நம் முதலியார்பேட்டையில் தோன்றிய ரோடியர் ஆலை, பல தலைமுறைகளுக்குச் சோறிட்டது. அதன்மேல் இவ்வூரார் கொண்ட பாசம் குன்றியதில்லை. ஆயினும் 2020-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. பாசம் இருந்தவிடத்துப் பராமரிப்பும் முதலும் காலத்துக்கேற்ற மாறுதலும் உடனிருத்தல் வேண்டும். நம் கல்லூரிக் கோஷ்டி ஆடும் நாளில் களத்தைச் சுற்றி நின்று குரலெழுப்புவது நம் கடமையே. ஆனால் ஆட்டமில்லாத நாட்களில் களத்தைச் செப்பனிடவும், சந்தா செலுத்தவும், தோற்றுத் திரும்பும் தோழரை மறுநாட் காலையிற் சென்று காணவும் எத்தனை பேர் வருகின்றோம் என்பதே நம் அபிமானத்தின் உண்மை அளவாகும். அவ்வளவில் பெரிதாக விளங்கும் கூட்டம், எண்ணிக்கையிற் சிறிதாயினும், ஒரு சங்கத்தை நெடுங்காலம் வாழ்விக்கும்.