எல்லைக்கு அப்பால் நோக்கிய மேயர்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. ஏலத் தோட்டங்களில் கூலிவேலை செய்யும் ஆண்களும் பெண்களும் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்து, போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் எல்லையைத் தாண்டி, கேரளத்து இடுக்கி ஜில்லாவுக்குச் செல்கின்றனர். அந்திப் பொழுதில் அவ்வழியே திரும்புகின்றனர். இவர்களுடைய வோட்டுகளால் நகரசபைக்குச் செல்லும் ஓர் அங்கத்தினர் எதைத் தம் முதற்கடமையாகக் கொள்ளவேண்டும்? குடியிருப்பையா, போக்குவரத்தையா, உயிர்ப் பாதுகாப்பையா? தோட்டமோ வேறு மாநிலத்தில் இருக்கிறது. மலைப்பாதையோ தேசிய நெடுஞ்சாலை. காடோ வனத்துறையின் வசம். ஆதலால் தம் கையில் ஒன்றுமில்லை என்று அவர் எளிதில் கூறிவிடலாம். அவ்வாறு கூறத் துணிவோர், தீரர் சத்தியமூர்த்தியின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயத்தை ஊன்றிக் கவனிக்கவேண்டுமென்பது நமது விருப்பம்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில், 1887-ஆம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி பிறந்தவர் ஸ்ரீ சத்தியமூர்த்தி. இளமையிலேயே தந்தையை இழந்தார். புதுக்கோட்டையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, வக்கீல் தொழிலில் புகுந்தார். அத்தொழிலில் பொருள் தேடுவதைவிடத் தேசப்பணியில் ஈடுபடுவதே அன்னாருக்கு உகந்ததாயிற்று. 1919-இல் காங்கிரஸ் தூதுக்குழுவினருள் ஒருவராக இங்கிலாந்து சென்றார். பின்னர் சென்னைச் சட்டசபையில் அங்கம் வகித்தார். 1934-ஆம் வருஷத்துத் தேர்தலில் ஸர் ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து, டில்லி மத்திய சட்டசபைக்குச் சென்றார். அங்கே அன்னாருடைய கேள்விக்கணைகளுக்கு விடையிறுப்பது சர்க்கார் தரப்பினருக்கு எளிதாக இருக்கவில்லை என்பதை நாடறியும்.

1937-இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரி சபை அமைந்தபோது, அன்னாருக்கு அதில் இடம் கிட்டவில்லை. அதன்பின், 1939-இல், சென்னை மாநகரின் மேயர் பதவி வந்தது. அகில இந்திய அரங்கில் முழங்கிய ஒருவருக்கு, தெருக் குழாயையும் சாக்கடையையும் பற்றிய விவகாரங்கள் அற்பமாகத் தோன்றியிருக்கக் கூடும். மேலும், அப்பதவியில் அந்தஸ்து பெரிது, அதிகாரம் சிறிது. நிர்வாகமெல்லாம் சர்க்கார் நியமித்த கமிஷனர் கையில் இருந்தது. ஆயினும் ஸ்ரீ சத்தியமூர்த்தி அதனை அற்பமாகக் கருதினாரில்லை.

அவ்வேளையில் சென்னை நகரம் கொடிய தண்ணீர்ப் பஞ்சத்தால் வாடிற்று. வீடு எத்தனை கட்டினாலும், குழாயில் நீர் வராவிடில் அது குடியிருப்பாகாது. சுத்தமான நீரின்றி நோயினின்றும் பாதுகாப்பு ஏது? பல தேவைகளுள் எது மற்றவற்றைத் தாங்கி நிற்கிறதோ அதனையே முதலில் பற்றவேண்டும் என்னும் விவேகம் அன்னாரிடம் இருந்தது. நீருக்கு வழி நகரத்துக்குள்ளே இல்லை. நகருக்கு மேற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில், கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டினாலன்றி விமோசனமில்லை. அந்த இடமோ கார்ப்பொரேஷன் எல்லைக்கு வெகு அப்பால் இருந்தது.

காலமும் சாதகமாக இல்லை. 1939 செப்டம்பரில் உலக யுத்தம் மூண்டது. அக்டோபரில் மந்திரி சபை ராஜிநாமாச் செய்தது. மாகாணம் கவர்னர் ஆட்சியின்கீழ் வந்தது. எந்த ஆட்சியை அகற்றவேண்டுமென்று அன்னார் மேடைதோறும் முழங்கினாரோ, அந்த ஆட்சியின் கதவையே நகர மக்களின் தாகத்துக்காகத் தட்டவேண்டியிருந்தது. யுத்தத்தையும் ஆட்சியின் பகைமையையும் சாக்காகக் காட்டி வாளாவிருந்திருந்தால், அன்னாரை யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அன்னார் அச்சாக்கை நாடாது, சர்க்காரை விடாது வற்புறுத்தி இணங்கச் செய்தார். 1940 ஆகஸ்டு 8-ந் தேதி கவர்னர் ஸர் ஆர்தர் ஹோப் அஸ்திவாரக் கல் நாட்டினார். சுயமரியாதைக்கும் இதனால் இழுக்கு நேரவில்லை, கொள்கையும் தளரவில்லை. 1942 ஆகஸ்டில் பம்பாய்க் காங்கிரஸ் கூட்டத்துக்குச் சென்று திரும்புகையில், அதே சர்க்காரால் அன்னார் சிறைப்படுத்தப்பட்டதே இதற்குச் சான்றாகும்.

மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது முதுகெலும்பில் ஏற்பட்ட ஊறு அன்னாரது உடலை முறித்தது. 1943 மார்ச்சு 28-ந் தேதி, ஐம்பத்தைந்தாம் பிராயத்தில், சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் திறக்கப்பட்டது. அதில் நீர் நிரம்பியதை அதற்காகப் பாடுபட்டவர் காணவில்லை. அன்னாருடைய பிரதம சீடரான ஸ்ரீ காமராஜர், முதன்மந்திரியான பின்னர், அதற்கு சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர் வழங்கினார்.

இச்சரித்திரத்தினின்றும் போடி நகரசபையினர் பெறத்தக்கது யாது? பணி எல்லைக்கோட்டோடு முடிவதில்லை, பதவிக்காலத்தோடும் முடிவதில்லை. 1928-இல் போடிக்கு வந்த ரயில், யுத்த காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு நின்றுபோயிற்று. பின்னர் மீண்டும் ஓடிற்று. 2010 இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்டு, 2023 ஜூன் 15-ந் தேதிதான் திரும்ப வந்தது. இடைவிடாது நினைவூட்டுவோர் இல்லையேல் இத்தகைய காரியங்கள் கிடப்பிலேயே கிடக்கும். 2018 மார்ச்சு 11-ந் தேதி குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேற வந்தோர் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காடு நகரசபையினுடையதன்று, ஆனால் ஆபத்து வேளையில் ஓடவேண்டியவர்கள் பக்கத்து ஜனங்களே.

எனவே நமது யோசனை இது. கூலி ஜனங்கள் மலையேறி இறங்கும் பயணத்தின் பாதுகாப்பை அங்கத்தினர் முதலிடத்தில் வைக்கவேண்டும். ஜீப்பில் ஏற்றும் ஆள்களுக்கு வரம்பு, விடியற்காலையில் போதிய பஸ், வளைவுகளில் தடுப்புச் சுவர், மலைமேல் தங்குவோருக்கு ஒழுகாத வீடு ஆகிய இவற்றுட் பலவற்றை உத்தரவிட அவருக்கு அதிகாரமில்லை. கேட்க அதிகாரம் உண்டு. ஜில்லா அதிகாரிகளிடமும், சென்னையிலும், வேண்டுமாயின் திருவனந்தபுரத்திலும் சென்று கேட்கலாம். அந்நிய கவர்னரிடம் தம் ஜனங்களுக்காகக் கேட்கச் சத்தியமூர்த்தி கூசவில்லை. நம்மவரிடமே கேட்க நமது அங்கத்தினர்கள் ஏன் கூசவேண்டும்?